முத்திரையும் வாய்மையும்

மனிதன் கடல் கடப்பது இன்று எளிதாகிவிட்டது. அவனைப் பற்றிய உண்மை கடல் கடப்பதுதான் அரிதாயிருக்கிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ அட்டனிலோ பிறந்த ஒருவர், ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் இலண்டனையோ தொறொன்ரோவையோ அடைந்துவிடலாம். ஆனால் அவர் இன்ன நாளில், இன்ன பெற்றோருக்குப் பிறந்தவர் என்னும் செய்தி அந்நாட்டுக் கந்தோரொன்றில் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு வாரங்கள் செல்கின்றன. சிலவேளை மாதங்களும் செல்கின்றன.

அச்செய்தி செல்லும் வழியை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். முதலிற் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்திற் பெறவேண்டும். அது தமிழில் எழுதப்பட்டிருப்பின், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் ஆக்கிக் கையொப்பமிட்டு முத்திரை பதிக்கவேண்டும். கையொப்பமிட்ட பதிவாளர் உண்மையான பதிவாளர்தாம் என்பதை அவருக்கு மேலுள்ள திணைக்களம் உறுதிப்படுத்த வேண்டும். பின்னர் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு, 1981 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கொன்சியூலர் கடமைகள் சட்டம் வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு, அக்கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த வேண்டும். அதன்பின்னும் சில நாடுகளின் தூதராலயங்கள் அவ்வமைச்சின் முத்திரையின்மேல் தத்தம் முத்திரையையும் பதிக்கவேண்டும் என்கின்றன. பரீட்சைச் சான்றிதழாயின் பரீட்சைத் திணைக்களத்தின் வாயிலையும் மிதிக்கவேண்டும். காணி விற்பதற்கான அற்றோணித் தத்துவமாயின் பிரசித்த நொத்தாரிசு ஒருவரை நாடவேண்டும். ஒரு பத்திரத்திற் பெயர் ஆங்கில ‘வீ’ எழுத்தோடும் மற்றொன்றில் ‘டபிள்யூ’ எழுத்தோடும் எழுதப்பட்டிருந்தால், இரு பெயரும் குறிப்பது ஒருவரையே என்று சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய எழுதுவினைஞரின் பேனாவுக்கும் சேர்த்து அப்பெயருக்கு உரியவரே சத்தியம் செய்கிறார்.

இவற்றையெல்லாம் அலுவலக நடைமுறைகள் என்று கூறி ஒதுக்கிவிடுவது பலரது வழக்கம். ஆயின் இந்நடைமுறைகளுக்கு அடியில் அறவியல் சார்ந்த வினாவொன்று கிடக்கிறது என்பது நமது கருத்து. ஒருவன் கூறுவதை மற்றொருவன் எதனைக் கொண்டு நம்புகிறான்? முத்திரை பெருகப் பெருக உண்மையும் பெருகுகிறதா? நம்பப்படுவதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் யார் தாங்கவேண்டும்? கல்வியோடும் சான்றிதழ்களோடும் நாளாந்தம் ஊடாடும் ஆசிரியர்களும், நாளை அவற்றைச் சுமந்து வாயில் வாயிலாக நிற்கப்போகும் மாணவர்களும் இவ்வினாக்களைச் சிந்திப்பது தகும்.

முதலில், முத்திரை எதனை மெய்ப்பிக்கிறது என்பதைத் தெளிந்துகொள்வோம். 1961 ஒக்டோபர் 5 ஆம் நாள் ஹேக் நகரில் நாடுகள் சில கூடி உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டன. ஒரு நாட்டின் பொதுப் பத்திரம் பிறிதொரு நாட்டிற் செல்லுபடியாவதற்கு, தூதராலயம்வரை நீளும் சங்கிலி வேண்டியதில்லை, பத்திரம் பிறந்த நாட்டின் உரிய அதிகாரி இணைக்கும் ‘அப்போஸ்தில்’ என்னும் ஒரேயொரு சான்று போதும் என்பதே அதன் சாரம். அவ்வுடன்படிக்கை மிகுந்த நேர்மையோடு ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. அச்சான்று மெய்ப்பிப்பன மூன்றே: கையொப்பம் உண்மையானது, கையொப்பமிட்டவர் இன்ன பதவியில் நின்று அதனை இட்டார், பத்திரத்திலுள்ள முத்திரை அவ்வதிகாரத்துக்கு உரியது. பத்திரத்தின் உள்ளே எழுதப்பட்டிருப்பது உண்மையா என்பது பற்றி அச்சான்று வாய் திறப்பதேயில்லை. நமது கொன்சியூலர் பிரிவின் முத்திரைக்கும், எந்நாட்டுத் தூதராலயத்தின் முத்திரைக்கும் இயல்பு இதுவே.

ஆகவே ஐந்து முத்திரை பதிந்த கடதாசி, ஒரு முத்திரை பதிந்த கடதாசியைக் காட்டிலும் ஐந்து மடங்கு உண்மையானதன்று. இரண்டாம் முத்திரை முதலாம் முத்திரைக்குச் சாட்சி; மூன்றாவது இரண்டாவதற்குச் சாட்சி. அங்ஙனமாயின் இறுதி முத்திரைக்குச் சாட்சி யார்? ஒன்றை நிறுவ மற்றொன்று, அதனை நிறுவப் பிறிதொன்று என முடிவின்றிச் செல்வதை நமது பழந் தருக்க நூலார் அனவத்தை என்னும் குற்றமாகக் கூறினர். ஹேக் உடன்படிக்கை இக்குற்றத்திலிருந்து தப்பிய வழி சுவையானது. அப்போஸ்தில் சான்றிலுள்ள கையொப்பமும் முத்திரையும் வேறெவ்வித அத்தாட்சியையும் வேண்டி நிற்கமாட்டா என்று அது விதித்துவிட்டது. அதாவது, ஐயம் ஓரிடத்தில் நின்றேயாகவேண்டும். நிற்கும் இடத்தை அறிவு தீர்மானிக்கவில்லை, அரசுகளின் இசைவே தீர்மானிக்கிறது.

சைவ சித்தாந்தம் அறிவுக்கு வாயிலாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை ஏற்கிறது. நாம் அறிந்தவற்றுட் பெரும் பகுதி மூன்றாவதாகிய உரையளவையால் வந்ததே. நாம் பிறந்த நாளை நாம் கண்டோமல்லோம், கருதி அறிந்தோமுமல்லோம். பெற்றவள் கூறினாள், மருத்துவிச்சி கூறினாள், பதிவாளர் எழுதினார், நாம் நம்பினோம். ஆயின் எவர் உரை அளவையாகும் என்ற வினாவுக்கு, அறிந்தவனும் பொய்யாதவனும் ஆகியவன் உரையே என்பது விடை. இவ்விலக்கணத்தைக் கொண்டு பார்க்குமிடத்து, முத்திரைச் சங்கிலியில் பிறப்பை உண்மையில் அறிந்தவர் முதற் கண்ணியில் நிற்பவர் மட்டுமே. அவருக்கு மேலே நிற்போர் அறிந்தது கையொப்பத்தின் வடிவத்தை. சங்கிலி எத்துணை நீண்டாலும் வாய்மை குடியிருப்பது அதன் முதற் கண்ணியிலேதான்.

இதைக் கேட்டவுடன், கடதாசியே வேண்டாம், வாய்ச்சொல்லை நம்பி வாழ்ந்த பழங்காலமே பொற்காலம் என்று சிலர் பெருமூச்செறியக் கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. வாய்ச்சொல் ஆண்ட காலத்தில் எவருடைய வாய்ச்சொல் ஆண்டது என்று கேட்கவேண்டும். நிலமுடையவனின் சொல்லுக்கிருந்த மதிப்பு அந்நிலத்தில் உழைத்தவனின் சொல்லுக்கு இருந்ததில்லை. சாதியின் பேராற் கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் தடுக்கப்பட்டவனின் சாட்சியம் ஊர்ச்சபையில் எத்துணை எடைபெற்றது என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. ஊரார் ஒருவரையொருவர் நம்பினர் என்பது உண்மையே. யாரை நம்பவேண்டும் என்பதை முன்னரே பிறப்பு வகுத்துவைத்திருந்தது என்பதும் அதே அளவு உண்மையாகும்.

வாய்ச்சொல் உலகில் அயலூரான் நிலை இன்னும் கொடியது. சிலப்பதிகாரத்திற் கோவலன் மதுரைக்கு வந்தபோது அவனை அறிந்தவர் அங்கு எவருமிலர். அச்சிலம்பு அவன் மனைவிக்குரியது என்பதைக் காட்ட அவன் கையில் யாதோர் ஆவணமும் இல்லை. அரண்மனையோடு தொடர்புடைய பொற்கொல்லனின் சொல், அயலூரானின் உயிரைவிடக் கனமாயிற்று. மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான். பின்னர்க் கண்ணகி சிலம்பை உடைத்து, பரல் முத்தன்று மாணிக்கம் என்று காட்டிய சான்று மறுக்கவொண்ணாதது. ஆனால் அச்சான்று வந்தபோது காக்கப்படவேண்டிய உயிர் போய்விட்டது. தன்னை அறியாதாரிடையே நிற்கும் ஒருவனுக்கு, தன்னை அறிந்தாரின் சொல் கூடவே வந்து துணைநிற்கவேண்டும். கடல் கடக்கும் பத்திரத்தின் நியாயமான பொருள் இதுதான். ஊர் தன் பிள்ளைக்காகப் பேசிய சொல்லே அது.

எழுத்து எளியோனுக்குக் காப்பாகும் இடம் இதுமட்டுமன்று. நமது நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது என்று கூறியது. குடியேற்ற ஆட்சி அச்சட்டத்தை இயற்றிய காலம் கோப்பித் தோட்டங்களுக்காகக் காணிகள் கைமாறிய காலம் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் உறுதி கையிலிருந்ததனால் தன் காணியைக் காத்துக்கொண்ட கைம்பெண்களும் இந்நாட்டில் உண்டு. தொழிலாளிக்குச் சம்பளத் துண்டும், வெளிநாடு செல்லும் பணிப்பெண்ணுக்கு எழுத்திலான ஒப்பந்தமும் வேண்டும் என்று நாம் ஏன் போராடுகிறோம்? எழுதப்படாத வாக்கு வலியவனுக்கே பயன்படும் என்பதனாலன்றோ?

எனவே கடதாசியைப் பழிப்பதிற் பொருளில்லை. கடதாசி யார் கையிலிருந்து யாருக்கு எதிராக நீட்டப்படுகிறது என்பதே பார்க்கத்தக்கது.

இவ்வகையில் நமது இலக்கியத்தின் புகழ்பெற்ற ஆவண வழக்கொன்றை நினைவுகூர்தல் பயன்தரும். பெரியபுராணத்திலே சுந்தரரின் திருமணத்தன்று முதியவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை இதோ என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் நிறுவுக என்று அவையோர் கேட்கின்றனர். கிழிக்கப்பட்டது படியோலை, மூலவோலை என்னிடமுண்டு என்கிறார் முதியவர். மூலவோலை படிக்கப்படுகிறது, சாட்சிகளின் ஒப்பம் ஏற்கப்படுகிறது, பாட்டனாரின் எழுத்து, காப்பிலிருந்த அவரது பிறிதோர் எழுத்தோடு ஒப்புநோக்கப்படுகிறது. இரண்டும் ஒத்தன, சுந்தரர் தோற்றார் என்று அவை தீர்க்கிறது.

அடியார்கள் இதனை இறைவன் ஆட்கொண்ட அருட்செயலாகக் கொள்வர். அது அவர்தம் நம்பிக்கை. அதில் நாம் தலையிடவில்லை. நமது கவனத்துக்குரியது அவையின் நடைமுறை. படிக்கும் மூலத்துக்கும் உள்ள வேறுபாடு, சாட்சி ஒப்பம், மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடல் ஆகிய இன்றைய அத்தாட்சி முறையின் உறுப்புகளெல்லாம் சேக்கிழாரின் 12 ஆம் நூற்றாண்டிலேயே நம்மவர் அறிந்தவையாயிருந்தன. ஆயின் அவையோர் ஒன்றை மட்டும் தீர்ப்புக்கு உரியதாகக் கொள்ளவில்லை. பாட்டன் எழுதிக் கொடுத்ததனாற் பேரன் அடிமையாதல் நீதியா என்பதே அது. எழுத்து உண்மையானது என்று கண்டவுடன் வழக்கு முடிந்தது. கையொப்பத்தின் உண்மையை நீதியின் உண்மையாகக் கொள்ளும் மயக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு இது சான்று.

அம்மயக்கம் ஒரு மக்கட் கூட்டத்தையே நாடற்றவராக்கிய வரலாறு நமது காலத்துக்கு உரியது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வழிவழிப் பிரசையாவதற்குத் தந்தையேனும், அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்து லயங்களிற் பிறந்தவர்களுட் பலருக்குத் தம் தந்தையின் பிறப்பைக் காட்டும் பத்திரம் இருக்கவில்லை. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் எட்டு லட்சம் பேரளவில் விண்ணப்பித்தனர். தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்தமைக்கு எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது, அச்சட்டத்தாற் பிரசைகளானோர் தொகை ஒன்றரை லட்சத்தையும் எட்டியிருக்கவில்லை. அம்மக்கள் வெட்டிய தெருக்களும் நட்ட செடிகளும் அவர்கள் இங்கு வாழ்ந்தமைக்குச் சாட்சி கூறின. ஆனால் தெருவுக்கும் தேயிலைச் செடிக்கும் முத்திரை பதிக்கும் அதிகாரம் இல்லை. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியதாயிற்று. சான்று கேட்பவன் சான்று எழுதும் வாய்ப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, இல்லாதவனை ‘ஏன் உன்னிடம் இல்லை’ என்று கேட்பது விசாரணையன்று. அது முன்னரே எழுதப்பட்ட தீர்ப்பு.

நாட்டினுள் நடந்தது இவ்வாறாயின், நாடுகளுக்கிடையிலும் ஐயத்தின் சுமை சமமாகப் பகிரப்படவில்லை. ஹேக் உடன்படிக்கையில் இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. இந்தியாவில் அது 2005 இலும், பாக்கிஸ்தானிலும் சீனாவிலும் 2023 இலும், கனடாவில் 2024 இலும் நடைமுறைக்கு வந்தது. இலங்கையோ அவ்வுடன்படிக்கை பிறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்கு வெளியே நின்றது. அறுபது ஆண்டுகளாக நமது மக்கள் அந்த நீண்ட சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் பணமும் நாளும் செலுத்தி வந்தனர். யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திற் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் திறக்கப்படும்வரை, பருத்தித்துறையிலிருந்து ஒருவர் தம் மகளின் திருமணப் பத்திரத்துக்கு ஒரு முத்திரை பெற இரவுப் பேருந்திற் கொழும்புக்குச் செல்லவேண்டியிருந்தது. நாட்கூலி பெறுபவருக்கு அம்முத்திரையின் விலை பற்றுச்சீட்டில் எழுதப்பட்ட தொகை மட்டுமன்று. இழந்த கூலியும், பேருந்துக் கட்டணமும், தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட படிவத்தை நிரப்பித் தந்தவருக்குக் கொடுத்த காசும் அதனுள் அடங்கும். செல்வருக்கோ இவை ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்துவிடுகின்றன. அவர்களுக்காகச் சட்டத்தரணியின் எழுதுவினைஞர் வரிசையில் நிற்பார்.

இவ்வளவு காவல்களையும் தாண்டி முதற் கண்ணியிற் பொய் புகுந்துவிட்டால் நேர்வது யாது என்பதற்கு, மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கின் முடிவினும் கொடிய சான்று வேண்டியதில்லை. பிறப்புப் பத்திரத்தின்படி அவர் 1988 பெப்ரவரியிற் பிறந்தவர். ஆனால் 2005 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்பட்டபோது அவருடைய கடவுச்சீட்டு 1982 ஐப் பிறந்த ஆண்டாகக் காட்டியது. பதினேழு வயதுச் சிறுமி, கடதாசியில் இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக்கப்பட்டார். அங்கு சென்ற சில வாரங்களில், அவரது பராமரிப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்தது. பாலூட்டும்போது மூச்சடைத்து இறந்தது என்று அவர் கூறினார்; கொலை என்று குற்றஞ்சாட்டப்பட்டது. அவரது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகுதியே ஐயத்துக்குரியதாயிருந்தது. 2007 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆம் நாள் அது நிறைவேற்றப்பட்டது. அவர் சிறுமி என்பதைக் கூறிய பிறப்புப் பத்திரம் இருந்தது. ஆனால் நீதிமன்றம் கடவுச்சீட்டின் வயதையே கொண்டது.

இங்கே நாம் நின்று நிதானிக்கவேண்டும். அக்கடவுச்சீட்டின் முத்திரை போலி முத்திரையன்று. அரசின் முத்திரை உண்மையானது. அதன் கீழிருந்த வயதே பொய்யானது. வறுமை ஒருபுறம், தரகரின் இலாபம் மறுபுறம் நின்று அப்பொய்யைப் படைத்தன. மேலிருந்தோர் ஒவ்வொருவரும் கீழிருந்தவரின் கையொப்பத்தைப் பார்த்தனர். எதிரே நின்ற பிள்ளையின் முகத்தை எவரும் பார்க்கவில்லை. பொறுப்பு ஒவ்வொரு மேசையிலும் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டு, இறுதியில் எவரிடமும் இல்லாதொழிந்தது. பொறுப்பைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பது போற் காட்டி அதனை மறையச் செய்வதே நீண்ட சங்கிலியின் பெருங் கேடு.

இதற்கு நேர்மாறான இன்னொரு கொடுமையும் உண்டு. அங்கே பொய்யை உண்மையென முத்திரையிட்டனர். இங்கே, தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியுமென்று சத்தியம் செய்யும்படி மனிதர் நெருக்கப்படுகின்றனர். 2009 இல் முடிவுற்ற போரிற் கணவனைக் காணாத பெண்ணொருத்தி, வெளிநாட்டிலுள்ள மகனிடம் செல்லவோ, கணவன் பேரிலுள்ள காணியைக் கையாளவோ முற்படும்போது, அவளது நிலையைக் காட்டும் பத்திரம் கேட்கப்படுகிறது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. ஆனால் தம் கண்ணாற் காணாத மரணத்தைத் தம் வாயாற் கூறி, அதற்குக் கீழே ஒப்பமிட எத்தனையோ தாய்மாரும் மனைவியரும் மறுத்தனர். அது பிடிவாதமன்று. சத்தியம் என்னும் சொல்லுக்கு அரசு கொடுத்த மதிப்பைவிட அவர்கள் கொடுத்த மதிப்பு உயர்ந்ததாயிருந்தது. தெருவோரக் கொட்டகைகளில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் இருந்து கேட்டது, என் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்னும் உரையளவையையே. அரசு நீட்டியதோ நிரப்பவேண்டிய படிவத்தை. பின்னர் 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், இறந்தார் என்று கூறாது, காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு இடமளித்தது. அதனால் அவர்களது கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ஆயினும் மனிதர் அறிந்ததை மட்டுமே கூறவைக்கும் பத்திரமொன்று இயலும் என்பதை அது காட்டிற்று. பத்திரத்துக்கேற்ப உண்மையை வளைத்தலினும் உண்மைக்கேற்பப் பத்திரத்தை வகுத்தல் அரசுக்குக் கடினமான காரியமன்று.

இனி, நம்மை நோக்கி வரும் வினாவுக்கு வருவோம். நமது நாட்டில் ஆசிரியரும் அதிபரும் முதற் கண்ணியில் நிற்பவர்கள். இளைப்பாறிய ஆசிரியர் பலர் சமாதான நீதவான்களாக உள்ளனர். மாணவனின் வயதையும் கல்வியையும் நடத்தையையும் குறித்து எழுதப்படும் கடிதம் நம் மேசையிலிருந்தே புறப்படுகிறது. மூலத்தைப் பாராமலே ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்தும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று எவரும் கூறமாட்டார். அது பழக்கத்தின் பாற்பட்ட அசட்டை. அதைவிடக் கடினமானது இரக்கத்தாற் பிறக்கும் பொய். உயிருக்கு அஞ்சியோ வறுமைக்கு அஞ்சியோ நாட்டைவிட்டுச் செல்லத் துடிக்கும் இளைஞன் ஒருவன் வந்து, இரண்டாண்டுகளைக் கூட்டி எழுதித் தாருங்கள், என் வாழ்வு அதில் தங்கியிருக்கிறது என்று கேட்டால் யாது செய்வது?

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற வள்ளுவர் கருத்தை இங்கு எடுத்துக்காட்டுவோர் உளர். வள்ளுவர் இட்ட நிபந்தனையை அவர்கள் விட்டுவிடுகின்றனர். அப்பொய் தரும் நன்மை குற்றமற்றதா என்று பார்க்கவேண்டும். பொய்ச் சான்றொன்றால் இன்று ஒருவன் பயனடையலாம். அது வெளிப்படும் நாளில், அதே பாடசாலையிலிருந்து, அதே நாட்டிலிருந்து, உண்மையான சான்றோடு வரும் நூறு பேர் ஐயத்துக்குள்ளாவர். அவர்களுக்காகச் சங்கிலியில் இன்னுமொரு கண்ணி சேர்க்கப்படும். அக்கண்ணிக்குரிய செலவைச் செலுத்துவோர் நம் இரக்கத்துக்கு உரியவராகிய அதே ஏழைகளே. அன்றியும், இன்று இரக்கத்தால் இரண்டாண்டு கூட்டி எழுதப் பழகிய கை, நாளை தரகரின் வேண்டுகோளுக்கு ஆறாண்டு கூட்டி எழுதாது என்பதற்கு உறுதி யாது? மூதூர்ச் சிறுமியின் வயதை மாற்றியவர்களும், வறிய குடும்பத்துக்கு உதவி செய்கிறோம் என்றே சொல்லியிருத்தல் கூடும்.

இதனால், கேட்பவனை வெறுங்கையோடு அனுப்பிவிடுக என்று நாம் கூறவில்லை. பொய் எழுத மறுப்பதோடு தம் கடமை முடிந்ததென்று கருதும் நேர்மை, சோம்பலுக்கு இட்ட அழகிய பெயரேயாகும். அவனுக்குரிய உண்மைகளை முழுமையாகவும் அழுத்தமாகவும் எழுதவேண்டும். இடம்பெயர்ந்து மூன்று பாடசாலைகளிற் படித்தான், பதிவேடுகள் அழிந்தன, இன்ன ஆண்டில் இவ்வகுப்பில் இருந்ததை நாம் நேரில் அறிவோம் என்று எழுதப்பட்ட கடிதம், வெற்று வாய்பாட்டில் எழுதப்பட்ட பொய்க் கடிதத்தைவிட வலியது. அறிந்ததை அறிந்தோம் என்றும், அறியாததை அறியோம் என்றும் எழுதுவதே சாட்சியின் இலக்கணம். 1895 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சத்தியக் கட்டளைச் சட்டம், பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதியுரை கூறலாம் என்று இடமளித்தது. கடவுளின் பெயரால் வரும் அச்சமின்றியும் மனிதன் உண்மை கூறவல்லன் என்னும் நம்பிக்கை அதனுள் இருக்கிறது. அந்நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையவராதல் வேண்டும்.

தனிமனித நேர்மை தனித்து நின்று வெல்லாது என்பதையும் நாம் அறிவோம். முதற் கண்ணி தூய்மையாய் இருக்குமாயின் மேலுள்ள கண்ணிகளைக் குறைக்குமாறு கேட்கும் உரிமை நமக்குண்டு. அவ்வுரிமையைக் கூட்டாகக் கேட்கவேண்டும். மக்கள் கந்தோரைத் தேடி இரவுப் பேருந்தில் செல்லும் நிலை மாறி, தோட்டத்துக்கும் தீவகத்துக்கும் மீள்குடியேறிய கிராமத்துக்கும் கந்தோர் வந்துசேரவேண்டும். படிவங்கள் மக்கள் வாசிக்கும் மொழியில் இருக்கவேண்டும். எழுதுவினைஞரின் பிழைக்கு உரிய கட்டணத்தைப் பிழைக்கு ஆளானவர் செலுத்தும் வழக்கம் ஒழியவேண்டும். போரில் அழிந்த பதிவுகளை மீளமைக்கும் பொறுப்பு அரசினுடையதாகவேண்டும். ஏனெனில் அவற்றை இழந்தவர் அவற்றை எரித்தவரல்லர்.

ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இதில் உடனடியாகச் செய்யக்கூடியவை உண்டு. உயர்தர வகுப்பு மாணவரின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பரீட்சைப் பதிவையும் பாடசாலையிலேயே ஒப்புநோக்கி, பெயர் வேறுபாடுகளைக் காலத்தோடு திருத்த உதவலாம். படிவம் நிரப்பித் தருவதற்குக் காசு கேட்பவரின் வாயிலில் ஏழைப் பெற்றோர் நில்லாதபடி, வாரத்தில் ஒருநாள் மாலையில் அப்பணியை நாமே செய்யலாம். வேலை தேடிக் கடல் கடக்கவிருக்கும் பெண்பிள்ளையின் கடதாசியிலுள்ள வயதும் அவளது முகத்திலுள்ள வயதும் ஒவ்வாவிடின், ஊரில் அதை முதலில் உரத்துக் கேட்பவர் அவளுக்குப் படிப்பித்த ஆசிரியராக இருக்கவேண்டும். அவள் பிறந்த ஆண்டு பாடசாலை இடாப்பில், நம் கையெழுத்திலேயே இருக்கிறது.